மீதி எத்தனை மாதம்? பழைய குடும்ப எஸ்யூவியின் கோளாறுகளும் கணக்கும்

சிங்கப்பூரில் பழைய கார் பார்க்கப் போகிறவரின் கண் முதலில் போவது கிலோமீட்டருக்கு அல்ல, வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழான சிஓஇ முடியும் தேதிக்கு. அதில் தப்பில்லை. ஆனால் அந்தத் தேதியை விலையோடு மட்டும் சேர்த்துப் பார்க்கிறோம். பழுதுச் செலவோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

கியர்பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்ய 4,000 வெள்ளி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிஓஇ ஐந்து ஆண்டு மீதமிருக்கும் வண்டியில் அது மாதம் 67 வெள்ளி. இருபது மாதமே மீதமென்றால் மாதம் 200. எட்டு மாதம்தான் என்றால் மாதம் 500, அதாவது பழுதுபார்ப்பதைவிடப் பதிவை ரத்து செய்துவிட்டுப் போவதே மேல். கோளாறு ஒன்றுதான், விலை மூன்று. அதனால் “இந்த எஸ்யூவி நம்பகமானதா” என்று பொதுவாகக் கேட்பதில் பயன் குறைவு. மீதமிருக்கும் மாதங்களுக்குள் எந்தப் பெரிய செலவு வரக்கூடும், அது விலையில் கழிந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஒன்றரை இரண்டு ஆண்டு மட்டும் மீதமிருக்கும் ஏழு இருக்கை வண்டிகள் மலிவாகக் கிடைப்பதற்குப் பல சமயம் இதுவே காரணம். செலவு வரப்போவது விற்பவருக்குத் தெரிந்திருக்கும்.

சிஓஇ புதுப்பித்த வண்டியில் கணக்கு இன்னும் மாறும். புதுப்பித்தவுடன், பதிவை ரத்து செய்யும்போது திரும்பக் கிடைக்கும் பார்ஃப் கழிவு போய்விடும். பத்து ஆண்டு தாண்டியதும் சாலை வரி 10 விழுக்காடு கூடும். ஆண்டுக்கு ஆண்டு ஏறி 50 விழுக்காட்டில் நிற்கும். கட்டாயச் சோதனை இரண்டாண்டுக்கு ஒருமுறை என்பது ஆண்டுதோறும் என்றாகிவிடும். ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்தது என்றால் மறுபடி புதுப்பிக்க முடியாது. தவணை முடிந்ததும் வண்டி சாலையைவிட்டுப் போயாக வேண்டும். விற்பவரை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தைத் திறந்து, பதிவுநீக்க மதிப்பையும் வண்டியின் பதிவு விவரமான லாக் கார்டையும் உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். முதல் பதிவு தேதி, தயாரிப்பு ஆண்டு, எத்தனை கை மாறியது எல்லாம் அதிலேயே இருக்கும்.

கிலோமீட்டர் பொய் சொல்லாவிட்டாலும் முழு உண்மையையும் சொல்லாது. நெடுஞ்சாலையில் சராசரி 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய வண்டிக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர் என்பது 1,250 மணி நேர ஓட்டம். பிள்ளையைப் பள்ளியில் இறக்கி, மத்திய விரைவுச்சாலை நெரிசலில் ஊர்ந்து, பலமாடி நிறுத்துமிடத்தில் ஏறி இறங்கி, சராசரி 25-இல் ஓடிய வண்டிக்கு அதே ஒரு லட்சம் 4,000 மணி நேரம். அத்தனை மணி நேரமும் ஏர்கான் ஓடியிருக்கும். டேஷ்போர்டின் பயணக் கணக்கில் சராசரி வேகம் என்று ஒரு பக்கம் உண்டு. நீண்ட நாள் அழிக்காமல் இருந்தால் அந்த ஓர் எண் நிறையச் சொல்லும். ஆயில் மாற்றும் இடைவெளிக்கும் இதே கணக்குதான். கையேட்டில் 10,000 கிலோமீட்டர் என்று இருந்தாலும் நம் ஊர் ஓட்டத்துக்கு அது 400 மணி நேரம். 7,000 அல்லது 8,000 கிலோமீட்டர், இல்லையேல் ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுவது எஞ்சினுக்கு நல்லது.

இனி கியர்பாக்ஸ். குடும்ப எஸ்யூவியில் பெரிய செலவு என்று வந்தால் பெரும்பாலும் இங்கேதான் வரும்.

நிசான் எக்ஸ்-டிரெயில் டி32, காஷ்காய் ஜே11 இரண்டிலும் இங்கே பரவலாக இருப்பது சிவிடி, அதாவது படிப்படியான கியர்கள் இல்லாமல் தொடர்ச்சியாக மாறும் கியர்பாக்ஸ். இரும்புப் பட்டை இரண்டு கூம்புச் சக்கரங்களுக்கு நடுவே அழுந்தி ஓடுகிறது. அந்த அழுத்தத்தைத் தருவதும் சூட்டை வாங்குவதும் ஆயில்தான். ஆயில் பழசானால் அழுத்தம் தடுமாறும், பட்டை நுணுக்கமாக வழுக்கும், கூம்பின் மேற்பரப்பில் கீறல் விழும். கீறல் விழுந்தபின் புது ஆயில் ஊற்றி அதைத் திருப்ப முடியாது. அறிகுறிகள்: 20 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் மெதுவாக மிதிக்கும்போது வண்டி நடுங்குவது, வேகத்தோடு சேர்ந்து ஏறும் ஊளைச் சத்தம், நின்று கிளம்பும்போது ஒரு நொடி தயக்கம். இன்னொன்று விடுமுறையில்தான் தெரியவரும். ஆறேழு பேரும் பைகளும் ஏற்றிக்கொண்டு மலேசியாவின் கெந்திங் மலை ஏறினால் சூடு எல்லை தாண்டி, கட்டுப்பாட்டுக் கணினி சக்தியைக் குறைத்துவிடும். எவ்வளவு மிதித்தாலும் வண்டி இழுக்காது. கொஞ்சம் ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். “சென்சர் கோளாறு, அழித்துவிட்டோம்” என்று விற்கப்படும் வண்டிகளில் சில இந்த வகை.

ஆயில் மாற்றுவதில் மூன்று விஷயம். முதலாவது, தயாரிப்பாளர் சொன்ன வகையையே ஊற்ற வேண்டும். இந்த நிசான்களுக்கு என்எஸ்-3, ஹோண்டா சிவிடிக்கு எச்சிஎஃப்-2. எல்லாவற்றுக்கும் ஒரே டின் என்று ஊற்றும் பட்டறையில் சிவிடி வேலையைக் கொடுக்காதீர்கள். இரண்டாவது, வடிகால் போல்ட்டைத் திறந்தால் மொத்த ஆயிலில் ஏறக்குறைய பாதிதான் இறங்கும். எப்போது மாற்றினார்கள் என்றே தெரியாத வண்டியானால், ஒருமுறை மாற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுமுறையும் மாற்றுவது வழக்கம். அதன்பின் 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை போதும். மூன்றாவது, அளவைச் சரிபார்ப்பது குறிப்பிட்ட சூட்டில், ஸ்கேனரில் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டிய வேலை. கண்மதிப்பில் ஊற்றினால் கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல். அடித்தட்டைக் கழற்றும்போது உள்ளேயிருக்கும் காந்தங்களை நீங்களே பாருங்கள். சாம்பல் நிறக் களிம்பு மெல்லிதாகப் படிந்திருந்தால் இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் மின்னும் செதில் இருந்தால் அந்த வண்டியை விற்பவரிடமே விட்டுவிடலாம்.

முதல் தலைமுறை ஹோண்டா வெசல் ஹைபிரிட்டின் கதை வேறு. அதில் இருப்பது ஏழு கியர் இரட்டைக் கிளட்ச், ஆயிலில் நனையாத உலர்வகை. வெளிவந்த கொஞ்ச காலத்திலேயே, 2014-இல், ஜப்பானில் கியர்பாக்ஸ் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காகத் திரும்ப அழைக்கப்பட்ட வண்டி அது. உலர் கிளட்ச்சுக்குப் பிடிக்காத வேலை ஊர்வது. வெள்ளிக்கிழமை மாலை மலேசியாவுக்குப் போகும் உட்லண்ட்ஸ் பாலத்தில் இரண்டு மணி நேரம் அடி அடியாக நகர்ந்தால் கிளட்ச் பாதி பிடித்த நிலையிலேயே வெந்துகொண்டிருக்கும். சூட்டு எச்சரிக்கை வந்தால் ஓரங்கட்டி நிறுத்திவிட வேண்டும், மிதித்துத் தாண்டப் பார்க்கக் கூடாது. ஓட்டும் முறையே இதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. முன்வண்டி ஒரு முழு வண்டி நீளம் போகும்வரை பிரேக்கில் நின்று, பிறகு ஒரே மூச்சாக நகருங்கள். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள். வாங்கும்போது ரிவர்ஸில் மெல்ல ஏற்றிப் பாருங்கள். நடுக்கம் வந்தால் கிளட்ச் தேய்ந்திருக்கலாம், இல்லை அதை இயக்கும் அமைப்பில் கசிவு இருக்கலாம். இரண்டும் சில்லறைச் செலவல்ல.

ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்தும் சாதாரண டார்க் கன்வெர்ட்டர் கியர்பாக்ஸ் உள்ள வண்டிகள் இந்த விஷயத்தில் நிம்மதி. மாஸ்டா சிஎக்ஸ்-5-இன் ஆறு கியர் அப்படிப்பட்டது. அதற்கும் ஆயில் மாற்ற வேண்டும்தான். ‘ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லை’ என்ற பேச்சில் யாருடைய ஆயுள் என்பதை ஒருவரும் சொல்வதில்லை.

எஞ்சின் பக்கம் ஊரறிந்த சில பலவீனங்கள் உண்டு. இங்கே சிறிய கார்களுக்கான ஏ பிரிவு சிஓஇக்குள் அடங்க 1,600 சிசியும் 97 கிலோவாட்டும்தான் எல்லை. ஆகவே பெரிய உடம்பில் சின்ன டர்போ எஞ்சினைப் பூட்டிய வண்டிகள் நம் சாலையில் அதிகம். பெஷோ 3008, 5008 மாடல்களின் 1.2 லிட்டர் பியூர்டெக் அப்படியொன்று. அதன் டைமிங் பெல்ட் எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. தவறான ஆயிலும் நீண்ட இடைவெளியும் பெல்ட்டை ஊறவைத்து உதிர்க்கும். உதிர்ந்த துணுக்கு ஆயில் பம்ப்பின் வடிகட்டியில் அடைத்தால் எஞ்சினுக்கே ஆபத்து. ஆயில் ஊற்றும் வாயைத் திறந்தால் பெல்ட் தெரியும். அதன் அகலத்தை அளக்க ஒரு தனி அளவுகோல் உண்டு. ஊறிய பெல்ட் அகலமாகி அதற்குள் நுழையாது. ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் அந்த எஞ்சினை வாங்க வேண்டாம்.

ஹுண்டாய், கியா வண்டிகளில் தீட்டா 2 வகை 2.4 லிட்டர் ஜிடிஐ எஞ்சின் அமெரிக்காவில் 2015, 2017 ஆண்டுகளில் பேரிங் தேய்வுக்காகத் திரும்ப அழைக்கப்பட்டது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் கீழிருந்து ‘டொக் டொக்’ வந்தால் விலகிவிடுங்கள். அதே நிறுவனங்களின் டீசல் வேறு எஞ்சின். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சுபாரு ஃபாரஸ்டரில் எஃப்பி எஞ்சினின் ஆரம்ப ஆண்டுகள் ஆயில் குடிப்பதற்குப் பெயர் போனவை. காஷ்காய் 1.2 டர்போவின் பேரிலும் அதே புகார் உண்டு. எரிபொருளை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் நேரடிப் பீச்சல் எஞ்சின்களில் உள்ளிழுக்கும் வால்வுகளின் பின்னால் கரி சேரும். காலையில் ஆட்டம், சூடானதும் சரி என்றால் அதைச் சந்தேகிக்கலாம். பிரித்துச் சுத்தம் செய்தால் தீரும், பயப்பட ஒன்றுமில்லை.

குளிர்நீர். நம் ஊரில் நீர் உறையாது என்பதால் கூலண்ட் எதற்கு, குழாய்த் தண்ணீர் போதாதா என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூலண்ட் உறைவதைத் தடுப்பதோடு நிற்பதில்லை. கொதிநிலையை உயர்த்துகிறது, அலுமினியம் அரிக்காமல் காக்கிறது. ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து, நீர் செம்பழுப்பாக இருந்தால் முன்னவர் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார் என்று அர்த்தம். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் ஓரங்கள், தெர்மோஸ்டாட் கூடு, வாட்டர் பம்ப் மூன்றும் எட்டு ஒன்பது ஆண்டுக்குமேல் எப்போது வேண்டுமானாலும் போகலாம். மூன்றையும் சேர்த்து மாற்றுவது, நடுவழியில் ஒவ்வொன்றாக மாற்றுவதைவிட மலிவு.

ஏர்கானைப் பற்றி விற்பவர் “ஜில்லென்று இருக்கு” என்பார். நீங்கள் ஒரு சமையல் வெப்பமானியைக் கொண்டு போங்கள். வெயிலில் நிற்கும் வண்டியில், ஐட்லிங்கில், பத்து நிமிடம் கழித்து நடுத்துவாரத்தில் 10 டிகிரி அளவுக்கோ அதற்குக் கீழோ வர வேண்டும். ஓடும்போது குளிர்ந்து, நின்றால் சூடானால் பெரும்பாலும் கண்டன்சர் விசிறி, செலவு குறைவு. முதலில் குளிர்ந்து அரை மணியில் காற்றே குறைந்தால் கூலிங் காயிலில் பனி கட்டுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேஸ் போட வேண்டியிருந்தால் கசிவு. காயில் கசிந்தால் பல வண்டிகளில் டேஷ்போர்டையே இறக்க வேண்டும். பொருளைவிடக் கூலி மிஞ்சும். ஏழு இருக்கை வண்டியில் பின்வரிசைக்குத் தனிக் காயிலும், அடிப்பக்கமாகப் போகும் நீளக் குழாயும் இருந்தால் கசியும் இடமும் இரட்டிப்பு. மூன்றாவது வரிசையில் நீங்களே போய் உட்கார்ந்து பாருங்கள். அங்கே உட்காரப் போவது பாட்டியோ பிள்ளையோ, அவர்கள் டெஸ்ட் டிரைவுக்கு வருவதில்லை.

கூரைக் கண்ணாடி உள்ள எஸ்யூவியில் பலரும் பார்க்காத ஒன்று உண்டு. கண்ணாடியைச் சுற்றியுள்ள பள்ளத்தின் மூலைகளிலிருந்து மெல்லிய குழாய்கள் தூண்களுக்குள் இறங்கி மழைநீரை வெளியேற்றுகின்றன. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) திறந்தவெளி நிறுத்துமிடத்தில் மழைமரத்தடியில் வருடக்கணக்கில் நின்ற வண்டியில் அந்தப் பொடி இலைகள் குழாயை அடைத்துவிடும். பிறகு ஒரு பெரிய மழையில் நீர் உள்ளே இறங்கிக் கம்பளத்துக்கு அடியில் தேங்கும். அங்கேதான் ஒயர் இணைப்புகள். சோதிப்பது எளிது: கண்ணாடியைத் திறந்து, முன்மூலைப் பள்ளத்தில் அரை லிட்டர் நீரை மெதுவாக ஊற்றுங்கள். சில நொடிகளில் சக்கரத்துப் பக்கமாகக் கீழே சொட்ட வேண்டும். தேங்கி நின்றால் அடைப்பு. அழுத்தக் காற்றை வேகமாக அடிக்காதீர்கள்; குழாய் உள்ளுக்குள் கழன்றுகொண்டால் வேலை பத்து மடங்காகும். வளையும் நைலான் கம்பி போதும். கம்பளத்தின் அடியில் கையை விட்டு ஈரம் பாருங்கள். சீட் பெல்ட்டை முழுக்க இழுத்து அடிமுனையில் சேற்றுக் கோடு இருக்கிறதா பாருங்கள். திடீர் வெள்ளத்தில் மாட்டிய வண்டியை அது காட்டிக்கொடுத்துவிடும்.

சின்னச் செலவுகளை வேகமாகச் சொல்லிவிடலாம். டி-யில் பிரேக் மிதித்து நிற்கும்போது ஸ்டியரிங் அதிர்ந்தால் எஞ்சின் மவுண்ட். வேகத்தடையில் ‘கடக்’ என்றால் ஸ்டெபிலைசர் லிங்க் அல்லது லோயர் ஆர்ம் புஷ். வேகத்தோடு ஏறும் முனகல், திருப்பும்போது மாறினால் வீல் பேரிங். டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட்டும் புஷ்ஷும். டயர்ப் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும்; 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். நிற்கும்போது எஞ்சினைத் தானாக அணைக்கும் ஐட்லிங் ஸ்டாப் உள்ள வண்டியில் சாதாரண பேட்டரியைப் போட்டிருந்தால் சீக்கிரம் செத்துவிடும். இவை எதுவும் வாங்காமல் விடக் காரணமல்ல, விலை குறைக்கக் காரணம்.

பார்க்கப் போகும் நாளில் வரிசை முக்கியம். “வருமுன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்” என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் போனட்டைத் தொடுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்களோ என்று சந்தேகியுங்கள். பழைய கார் கடைகள் இருக்கும் ஊபியிலோ காக்கி புக்கிட்டிலோ கடையைச் சுற்றி ஐந்து நிமிடம் ஓட்டுவது டெஸ்ட் டிரைவே அல்ல. விரைவுச்சாலையில் இருபது நிமிடம், நெரிசலில் பத்து நிமிடம், அதன்பின் சூடான கியர்பாக்ஸோடு ஒரு பலமாடி நிறுத்துமிடத்துக்குள் நுழையுங்கள். சரிவின் நடுவில் நிறுத்தி, பிரேக்கை விட்டு, மெதுவாக மிதித்து ஏற்றுங்கள். ஆள் இல்லாத மேல்தளத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து இரு பக்கமும் ஒரு வட்டம் போடுங்கள்.

மலிவு விலை புளூடூத் ஸ்கேனர் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கோளாறுக் குறியீடு இல்லை என்பதோடு திருப்திப்படக் கூடாது. வண்டியின் சுயசோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் பக்கத்துக்குப் போங்கள். பல சோதனைகள் ‘முடியவில்லை’ என்றிருந்தால், அண்மையில் குறியீடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். எதற்கு என்று கேளுங்கள்.

“போன வாரம்தான் சோதனையில் தேறியது” என்பதைக் கியர்பாக்ஸுக்குச் சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நிலப் போக்குவரத்து ஆணையம் கேட்கும் கட்டாயச் சோதனை பிரேக், புகை, விளக்கு, அடிப்பாகம் போன்ற பாதுகாப்பைப் பார்க்கிறது. சிவிடி பட்டையின் நிலையைப் பார்ப்பதில்லை. வாங்குமுன் செய்யும் மதிப்பீட்டுச் சோதனை வேறு, அதற்குத் தனிக் கட்டணம். அதோடு, உங்களுக்குத் தெரிந்த பட்டறையில் வண்டியை ஏற்றிப் பார்க்க விற்பவர் மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம் 2012 செப்டம்பரிலிருந்து பழைய கார்களுக்கும் உண்டு. ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கருதப்படும்; இல்லை என்று நிரூபிப்பது விற்பவர் பொறுப்பு. வயதுக்கேற்ற தேய்மானம் இதில் சேராது. தனிமனிதர் தனிமனிதருக்கு விற்பதற்கும் இது பொருந்தாது. இங்கேதான் கன்சைன்மென்ட் விற்பனையில் கவனம் தேவை. கடையில் நிற்கும், கடைக்காரர் பேசுவார், ஆனால் ஒப்பந்தத்தில் விற்பவர் பெயர் வண்டிக்காரருடையதாக இருக்கும். கையெழுத்துக்கு முன் அந்த வரியைப் படியுங்கள். டீலர் தரும் ‘எஞ்சின், கியர்பாக்ஸ் உத்தரவாதம்’ என்பதிலும் விலக்குப் பட்டியலைப் படியுங்கள். கியர்பாக்ஸின் கட்டுப்பாட்டுக் கணினி, சென்சர், கிளட்ச் ஆகியவை பல ஒப்பந்தங்களில் வெளியே இருக்கும், மலேசியாவில் நின்றுபோனால் பொருந்தாது என்ற வரியும் சில சமயம் இருக்கும்.

வாங்கிய முதல் வாரத்தில் எஞ்சின் ஆயில், ஃபில்டர், கியர்பாக்ஸ் ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில், கேபின் ஃபில்டர் ஆகியவற்றை மாற்றி, கிலோமீட்டரை எழுதி வையுங்கள். ஆயில் அளவுக்கோலைப் படம் எடுத்துக்கொண்டு, சமதளத்தில், ஆறிய எஞ்சினில் 1,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மூன்று தடவை பாருங்கள். எவ்வளவு குடிக்கிறது என்பது அதற்குள் தெரிந்துவிடும். ஒரு முழு நாள் மலேசியப் பயணம் போய்வருவதையும் உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். உத்தரவாதம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது வண்டியை மறுபடி ஏற்றிப் பார்த்து, கண்ட குறையைப் படத்தோடு எழுத்தில் டீலருக்கு அனுப்பிவிடுங்கள்.